இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் மார்கோவ் லாஜிக் மாதிரி: விதிகளைக் கற்கும்போது எதற்குக் கடிவாளம் இடுவது?

கேள்வி
எழுதியவர்: பட்டியலறை

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கல்லூரி நூலகத்தின் பழைய அட்டைப் பட்டியலையும், பின்னாளில் கணினியில் ஏற்றப்பட்ட பட்டியலையும் ஒன்றாக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. ஒரே நூல் இரண்டு மூன்று பதிவுகளாகக் கிடக்கிறது. ஓர் அட்டையில் ஆசிரியர் ‘சு. முருகேசன்’ என்று இருப்பார். கணினிப் பதிவில் அவரே ‘முருகேசன், எஸ்.’ ஆகியிருப்பார், மூன்றாவதில் முதலெழுத்தே இல்லாமல் ‘முருகேசனார்’ என்று மட்டும் இருக்கும். பதிப்பாண்டு பல அட்டைகளில் இல்லவே இல்லை.

முதலில் ஃபெல்லெகியும் சண்டரும் 1969இல் வகுத்த முறையில், ஒவ்வொரு பதிவு இணைக்கும் (இரண்டு பதிவுகளுக்கும்) தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று புலவாரியாக ஒப்புமை பார்த்து மதிப்பெண் கூட்டினேன். அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் ஒவ்வோர் இணையையும் தனித்தனியாக முடிவு செய்வதால், ஓர் ஆசிரியரைப் பற்றிக் கிடைத்த தெளிவு அவருடைய மற்ற நூல்களுக்குப் பயன்படவில்லை. ஆகவே ரிச்சர்ட்சனும் டொமிங்கோஸும் 2006இல் விரிவாக எழுதிய மார்கோவ் லாஜிக் நெட்வொர்க்குக்கு (தருக்க விதிகளுக்கு எடை கொடுத்து நிகழ்தகவு கணிக்கும் மாதிரிக்கு) மாறி, அதற்கான ஆல்கெமி மென்பொருளைக் கொண்டு, விதிகளையும் அவற்றின் எடைகளையும் தரவிலிருந்தே கற்கவிட்டேன். பழகிக்கொள்வதற்காக, இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கோரா என்ற ஆய்வுக்கட்டுரை மேற்கோள் தொகுப்பில் முதலில் ஓட்டிவிட்டு, பிறகுதான் எங்கள் பட்டியலுக்கு வந்தேன்.

அது கற்றுக்கொண்டு வந்த விதிகளில் சிலவற்றைக் கீழே தருகிறேன். அ, ஆ, இ ஆகியவை பதிவுகள்; ∧ என்பது ‘மற்றும்’, ¬ என்பது ‘அல்ல’, ⇒ என்பது ‘என்றால்’.

ஒரேநூல்(அ, ஆ) ∧ ஒரேநூல்(ஆ, இ) ⇒ ஒரேநூல்(அ, இ)
ஒரேபதிப்பகம்(அ, ஆ) ∧ ஒரேஆண்டு(அ, ஆ) ⇒ ¬ஒரேநூல்(அ, ஆ)
தலைப்புச்சொல்(அ, ‘ஆய்வு’) ∧ ¬ஒரேஆண்டு(அ, ஆ) ⇒ ஒரேநூல்(அ, ஆ)
தலைப்புச்சொல்(அ, ‘தொகுதி’) ∧ தலைப்புச்சொல்(ஆ, ‘தொகுதி’) ⇒ ¬ஒரேநூல்(அ, ஆ)
ஒரேஆண்டு(அ, ஆ) ⇒ ஒரேபதிப்பகம்(அ, ஆ)

முதல் விதி சரியானதுதான். ஆனால் அதற்குக் கிடைத்த எடை மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. இரண்டாவது விதி தலைகீழாகத் தெரிகிறது, ஏனெனில் பதிப்பகமும் ஆண்டும் ஒன்றாக இருந்தால் அது ஒரே நூல் என்பதற்கு ஆதரவுதானே? மூன்றாவதும் நான்காவதும் ஏதோ சில சொற்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஐந்தாவதில் நான் கேட்ட ‘ஒரேநூல்’ என்ற பிரெடிகேட்டே (பதிவுகளிடையே உள்ள உறவைக் குறிக்கும் சொல்லே) கிடையாது. பயிற்சித் தரவில் மதிப்பெண் மிக நன்றாக வருகிறது. ஒதுக்கி வைத்த பதிவுகளில் ஓட்டினால் சரிந்துவிடுகிறது.

ஒரு விதியில் இருக்கக்கூடிய மாறிகளுக்கு உச்சவரம்பு வைத்துப் பார்த்தேன். இரண்டு என்று வைத்தால் முதல் விதி ஒழிகிறது. ஆனால் ‘இந்த நூலின் ஆசிரியரும் அந்த நூலின் ஆசிரியரும் ஒருவரே’ என்று சொல்வதற்கு நான்கு மாறிகள் வேண்டியிருப்பதால், எதற்காக இந்த முறைக்கு வந்தேனோ அதுவும் சேர்ந்து ஒழிகிறது. நான்கு என்று வைத்தால் தேடல் முடியவே முடிவதில்லை, முடிந்தாலும் குப்பையே அதிகம். ஒப்பிடவேண்டிய இணைகளைக் குறைக்க, தலைப்பில் ஒரு சொல்லாவது பொதுவாக இருக்கவேண்டும் அல்லது பதிப்பகமும் ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பிளாக்கிங் செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி இதுதான்: கற்கும் விதிகளைக் கட்டுப்படுத்துவதென்றால் எதைக் கட்டுப்படுத்தவேண்டும்? நீளத்தையா, மாறிகளின் எண்ணிக்கையையா, எடையையா, வேறு எதையாவதா?


பதில் 1
எழுதியவர்: நெடுங்கணக்கு

வணக்கம். உங்கள் விதிகளில் முதலாவதும் ஐந்தாவதும் ஒரே காரணத்தால் வந்தவை. அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நீங்கள் ஓட்டிய விதிக் கற்றல் காக், டொமிங்கோஸ் ஆகிய இருவரும் 2005இல் முன்வைத்த முறையின் வழிவந்தது. அது ஒரு விதியின் தரத்தைச் சூடோ-லைக்லிஹுட் என்ற அளவால் எடைபோடுகிறது. அதாவது, ‘அவும் ஆவும் ஒரே நூல்’ என்பது போன்ற ஒவ்வோர் அணுக்கூற்றின் நிகழ்தகவையும், மற்ற எல்லா அணுக்கூற்றுகளின் உண்மை நிலையும் தெரியும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. முழு லைக்லிஹுட்டை, அதாவது எல்லாக் கூற்றுகளும் சேர்ந்த நிகழ்தகவைக் கணக்கிடுவது பெரும்பாடு என்பதால் செய்துகொண்ட சமரசம் அது. இரட்டைப் பதிவு வேலையில் அந்தச் சமரசம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அவும் இயும் ஒரே நூலா என்று கேட்கும்போதே, அவும் ஆவும் ஒன்று, ஆவும் இயும் ஒன்று என்ற விடைகளை அருகில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைத்தால் மாணவன் பாடத்தை ஏன் படிக்கப்போகிறான்? கடப்புப் பண்பை, அதாவது உங்கள் முதல் விதியை மட்டும் வைத்துக்கொண்டே ஏறத்தாழ எல்லா இணைகளையும் சரியாகச் சொல்லிவிட முடிவதால், தலைப்பையும் ஆசிரியரையும் ஒப்பிடும் விதிகளுக்குக் கற்றலில் வேலையே இல்லாமல் போகிறது. புதிய பதிவுகளில் ஓட்டும்போதோ அந்தப் பக்கத்து விடைகள் எதுவும் தெரியாது. முதல் கண்ணியைக் கோக்க ஆளில்லாததால் சங்கிலியே உருவாவதில்லை. உருவானாலும், தவறான ஒரு கண்ணி பத்துப் பதிவுகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஐந்தாவது விதியும் அதே வழியில் வந்ததுதான். அந்த அளவு எல்லாப் பிரெடிகேட்டுகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது என்பதால், ஆண்டையும் பதிப்பகத்தையும் முன்கூட்டிச் சொல்லக்கூடிய விதிகளுக்கும் மதிப்பெண் உண்டு. உங்களுக்கோ அவை எப்போதும் கையில் இருக்கும் சான்றுகள். அவற்றை ஊகித்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே ‘ஒரேநூல்’, ‘ஒரேஆசிரியர்’ ஆகிய இரண்டு மட்டுமே கேள்வி, மற்றவை எல்லாம் சான்று என்று பிரித்து, சான்றுகள் கொடுக்கப்பட்ட நிலையில் கேள்விகளின் நிகழ்தகவை மட்டும் உயர்த்தும்படி கற்கவேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீளத்தையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துவது கடைசியில் செய்யவேண்டியது. எந்தப் பிரெடிகேட் விதியின் எந்தப் பக்கத்தில், எந்த வழியாக வரலாம் என்பதையே முதலில் கட்டுப்படுத்தவேண்டும். என் பரிந்துரை கறாரானது: கற்றுக்கொள்ளப்படும் எந்த விதியின் உடலிலும் (⇒ குறிக்கு முன்னால் உள்ள பகுதியிலும்) ‘ஒரேநூல்’ வரவே கூடாது, அது தலையில் (⇒ குறிக்குப் பின்னால்) மட்டுமே வரலாம். பதிவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் விதிகளான கடப்புப் பண்பு, சமச்சீர்ப் பண்பு, ‘நூல் ஒன்றானால் ஆசிரியரும் ஒருவர்’ ஆகியவற்றைக் கையாலேயே எழுதிவிடுங்கள். இவை மொத்தமாக நான்கைந்துதான் இருக்கும். ‘ஒன்றே’ என்ற சொல்லின் பொருளிலிருந்தே கிடைப்பவை என்பதால், தரவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது அவற்றில் எதுவும் இல்லை. கோராவை வைத்து இந்தச் சிக்கலை 2006இல் மார்கோவ் லாஜிக்கில் வடித்துக் காட்டிய சிங்லாவும் டொமிங்கோஸும் விதிகளைக் கையால் எழுதி, எடைகளை மட்டுமே கற்றார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

உடலில் என்ன வரலாம் என்பதைச் சொல்வதற்கு, எடுத்துக்காட்டுகளிலிருந்து தருக்க விதிகளைக் கற்கும் இண்டக்டிவ் லாஜிக் புரோகிராமிங்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ‘மோட்’ அறிவிப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மகிள்டன் 1995இல் விவரித்த புரோகால், அதன் வழியில் வந்த ஆலெஃப் ஆகிய மென்பொருள்களில் இதைக் காணலாம். உங்கள் பட்டியலுக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

தலை: ஒரேநூல்(+பதிவு, +பதிவு)
உடல், 1 முறை: தலைப்பு(+பதிவு, −தலைப்பு)
உடல், பல முறை: ஆசிரியர்(+பதிவு, −பெயர்)
உடல், 1 முறை: தலைப்புநெருக்கம்(+தலைப்பு, +தலைப்பு, #படி)
உடல், 1 முறை: பெயர்நெருக்கம்(+பெயர், +பெயர், #படி)
உடல், 1 முறை: ஆண்டுமுரண்(+பதிவு, +பதிவு)

கூட்டல் குறியிட்ட இடத்தில், விதியில் ஏற்கெனவே வந்துவிட்ட மாறியே வரவேண்டும். கழித்தல் குறியிட்ட இடத்தில் புதிய மாறி பிறக்கலாம். சதுரக்குறி (#) இட்ட இடத்தில் மாறிலி வரவேண்டும். ‘1 முறை’ என்றால் கொடுத்த ஒரு பதிவுக்கோ இணைக்கோ ஒரே விடைதான்; ‘பல முறை’ என்றால் பல விடைகள் இருக்கலாம். இதனால், ஆசிரியர் பெயருக்கான இரண்டு மாறிகளும் தலையில் உள்ள இரண்டு பதிவுகளிலிருந்து மட்டுமே பிறக்கமுடியும். பிறந்தவை பெயர்நெருக்கத்தில் போய்த்தான் முடியமுடியும். நான்கு மாறிகள் உள்ள நல்ல விதி உள்ளே வந்துவிடுகிறது. நான்கு மாறிகளை எங்கெங்கோ தெளித்த ஆயிரம் குப்பை விதிகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உங்கள் உச்சவரம்பால் செய்யமுடியாமல் போனது இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஆல்கெமியிலும் கூட்டல் குறி உண்டு, ஆனால் அங்கே அதற்குப் பொருளே வேறு. அந்த இடத்தில் வரக்கூடிய ஒவ்வொரு மாறிலிக்கும் தனித்தனி எடை கற்கவேண்டும் என்பது அதன் பொருள். ஆலெஃபின் சதுரக்குறிக்கு அது நெருக்கமானது. இரண்டுக்கும் இடையே கோப்புகளை மாற்றும்போது நானே இதில் ஒரு நாள் முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

இப்படி ஆலெஃபை வைத்து விதிகளைத் தாராளமாக உண்டாக்கி, பிறகு பெரிய எடைகளுக்குத் தண்டனை விதிக்கும் எல்1 ஒழுங்குபடுத்தலோடு எடைகளைக் கற்று, பயனற்றவற்றின் எடையைப் பூச்சியமாக்கிக் களையும் முறையை ஹுயினும் மூனியும் 2008இல் மார்கோவ் லாஜிக்குக்கே செய்து காட்டினார்கள். கேள்விப் பிரெடிகேட் தலையில் மட்டுமே இருப்பதால் ஒவ்வோர் இணையும் தனித்துப் பிரிந்துவிடுகிறது. எடை கற்கும்போது தோராயக் கணக்கு தேவைப்படுவதில்லை, சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போலவே முடிந்துவிடுகிறது.

எடைகள் என்ன சொல்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்கவும் இது உதவும். சும்மா ஒரு கணக்கு: எந்தச் சான்றும் இல்லாதபோது ‘ஒரேநூல்’ என்பதன் எடை −4.6 என்று வையுங்கள். அதாவது சாதக விகிதம் ஏறத்தாழ 1:100. தலைப்பு மிக நெருக்கம் என்ற விதிக்கு 3.5, ஆசிரியர் நெருக்கம் என்ற விதிக்கு 2.0 என்றால், கூட்டுத்தொகை 0.9, நிகழ்தகவு 0.71. ஆண்டு முரண்படுகிறது என்ற விதிக்கு −1.5 என்றால், அது −0.6க்கு இறங்கி, நிகழ்தகவு 0.35 ஆகிறது. நூலகரை உட்காரவைத்து இதைக் காட்டினால், ‘ஆண்டுக்கு இவ்வளவு எடை வேண்டாம், அச்சுப் பிழை அதிகம்’ என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நெருக்கத்தின் படிகளை ‘0.7க்கு மேல்’, ‘0.8க்கு மேல்’, ‘0.9க்கு மேல்’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் எடைகள் எதிர்மறை ஆகக்கூடாது என்று விதித்துவிடுங்கள். 0.95 நெருக்கமுள்ள இணைக்கு மூன்று எடைகளும் கூடும், 0.75 உள்ளதற்கு ஒன்று மட்டுமே கூடும். தலைப்பு இன்னும் நெருங்கியதால் நிகழ்தகவு குறைந்துவிட்டது என்ற கேலிக்கூத்து அதன்பிறகு நடக்காது. ‘0.7 முதல் 0.8 வரை’ என்று தனித்தனி அறைகளாகப் பிரித்தால் இந்த உத்தரவாதம் கிடையாது.


பதில் 2
எழுதியவர்: கல்வெட்டுப்படி

முன்னவர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கேட்டவர் குப்பை என்று ஒதுக்கிய விதிகள் இரண்டைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது விதி நூல்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் பிளாக்கிங்கைப் பற்றித்தான் சொல்கிறது. ஓர் இணை உள்ளே வருவதற்கு இரண்டு வாசல்கள் வைத்திருக்கிறீர்கள்: தலைப்பில் பொதுச்சொல், அல்லது ஒரே பதிப்பகமும் ஒரே ஆண்டும். இரண்டாவது வாசல் வழியாக, ஒரு பதிப்பகம் ஓராண்டில் வெளியிட்ட எல்லா நூல்களும் ஒன்றோடொன்று இணையாக வந்து குவிந்திருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெவ்வேறு நூல்கள். ‘இந்த வாசல் வழியாக வந்தவர்கள் பெரும்பாலும் அயலார்’ என்பதைத்தான் கற்றல் கண்டுபிடித்திருக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. தலைப்பு நெருங்கிய இணைகளை மட்டும் தனியாக எடுத்து, அவற்றுக்குள் பதிப்பகமும் ஆண்டும் ஒன்றாக உள்ளவற்றில் எத்தனை உண்மையில் ஒரே நூல், மற்றவற்றில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குறி மாறிவிட்டால், அந்த விதியைத் தலைப்புநெருக்கம் உடலில் இருக்கும்போது மட்டுமே அனுமதிக்கும்படி கட்டுப்படுத்துங்கள். பிளாக்கிங்கை மாற்றினால் அடிப்படை எடையும் மாறிவிடும் என்பதால், எந்த வாசலில் கற்றீர்களோ அதே வாசலில்தான் ஓட்டவேண்டும். கோராவில் கற்ற எடைகளை உங்கள் பட்டியலுக்குக் கொண்டுவர நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

நான்காவது விதி, அதாவது இரண்டு தலைப்பிலும் ‘தொகுதி’ என்ற சொல் இருந்தால் ஒரே நூல் அல்ல என்பது, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘முதல் தொகுதி’, ‘இரண்டாம் தொகுதி’ என்று வரும் நூல்களை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர், பதிப்பகம் ஒன்று, ஆண்டும் பெரும்பாலும் ஒன்று, தலைப்பில் ஒரே ஒரு சொல்தான் வேறு. எந்த நெருக்க அளவும் அவற்றை இரட்டை என்றே சொல்லும். கற்றல் அதைத் தவறென்று உணர்ந்து, அதற்குக் கிடைத்த மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருக்கிறது. ‘தொகுதிமுரண்’ என்று ஒரு பிரெடிகேட் கொடுத்து, இரண்டிலும் தொகுதி எண் இருந்து அவை வேறுபட்டால் மட்டுமே அது உண்மை என்று வரையறுத்தால், அதே கருத்தை அது செம்மையாகச் சொல்லும். ஒரு விதி கோணலாகத் தெரிந்தால், தடை போடுவதற்கு முன்பு, அது எந்தச் சொல்லைத் தேடித் தவிக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. ‘ஆய்வு’ என்ற சொல்லைப் பிடித்த மூன்றாவது விதிக்கு அப்படி எந்த நியாயமும் இருப்பதாகத் தெரியவில்லை; அதைத் தள்ளிவிடலாம். மாறிலி வரக்கூடிய இடங்களில் சொற்களைத் திறந்துவிடாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த சிறு பட்டியலை மட்டும் அனுமதியுங்கள்.

அந்த மூன்றாவது விதியின் உடலில் இன்னொரு பொறியும் ஒளிந்திருக்கிறது. ‘¬ஒரேஆண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தரவில் சொல்லப்படாதது எல்லாம் பொய் என்று கொள்ளும் வழக்கத்தில், ஆண்டே இல்லாத அட்டைக்கும் ‘¬ஒரேஆண்டு’ உண்மையாகிவிடும். உங்கள் பழைய அட்டைகளில் பலவற்றில் ஆண்டு இல்லை. இரட்டைகள் பெரும்பாலும் ஒரு பழைய அட்டைக்கும் ஒரு புதிய பதிவுக்கும் இடையேதான் இருக்கும். ஆகவே ‘ஆண்டு ஒன்றல்ல என்றால் ஒரே நூல்’ என்ற விசித்திரமான முடிவுக்கு அது வந்ததில் வியப்பில்லை. முன்னவர் தம் அறிவிப்பில் ‘ஆண்டுமுரண்’ என்று எழுதியதைக் கவனியுங்கள். இரண்டு பதிவிலும் ஆண்டு இருந்து அவை வேறுபட்டால் மட்டுமே அது உண்மை. உடலில் எதிர்மறுப்பையே தடைசெய்துவிட்டு, ஒப்புமைக்கு ஒன்று, முரணுக்கு ஒன்று என்று ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு பிரெடிகேட்டுகள் கொடுத்துவிடுங்கள். சான்று இல்லாத இடத்தில் இரண்டுமே பொய்யாகி, அந்தப் புலம் வாயைத் திறக்காமல் இருக்கும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பதிவுகளை எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் பதிவுகள் இருபக்கமும் சிதறியிருந்தால், சோதனை மதிப்பெண்ணையும் நம்பமுடியாது. நூல்வாரியாகத்தான் பிரிக்கவேண்டும்.


பதில் 3
எழுதியவர்: மென்கோடு

விதிகளைக் கற்றே ஆகவேண்டுமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதால் நான் கேட்கிறேன். இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்த்தால், பிணைக்கும் விதிகளைக் கையால் எழுதுகிறோம், முரண் பிரெடிகேட்டுகளைக் கையால் எழுதுகிறோம், மாறிலிகளையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். மிச்சம் இருப்பது பத்துப் பதினைந்து விதிகள். அவற்றையும் எழுதிவிட்டு, எடைகளை மட்டும் கற்றால் என்ன?

அப்படிச் செய்வதென்றால் புராபபிலிஸ்டிக் சாஃப்ட் லாஜிக் பொருத்தமாக இருக்கும். அதில் உண்மை மதிப்பு 0, 1 என்று இல்லாமல் இடைப்பட்ட எண்களாகவும் இருக்கலாம் என்பதால், நெருக்க அளவுகளைப் படிகளாக வெட்டாமல் அப்படியே கொடுக்கலாம். விதிகளின் எடைகள் எதிர்மறையாக இருக்கமுடியாது என்பதும், விடை தேடுவது குவிவுச் சிக்கலாக அமைவதால் உள்ளூர்ப் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளாது என்பதும் கூடுதல் வசதிகள். கடப்புப் பண்பு அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: அ–ஆ 0.9, ஆ–இ 0.8 என்றால், லுகாசியேவிச் முறையில் உடலின் மதிப்பு 0.9 + 0.8 − 1 = 0.7. அ–இ 0.3இல் நின்றால் 0.4 அளவுக்குத் தண்டனை. ஆனால் அ–ஆவும் ஆ–இயும் 0.5 என்றால், உடலின் மதிப்பு 0. அ–இ மீது எந்த அழுத்தமும் கிடையாது. ஐயமான கண்ணிகள் தாமாகவே சங்கிலி கோக்காது. உங்கள் தரவுக்கு இந்தக் கூச்ச சுபாவம் நல்லது என்றே தோன்றுகிறது.

குறையையும் சொல்லிவிடவேண்டும். கடைசியில் வரும் 0.6, 0.7 ஆகியவற்றை நிகழ்தகவாகப் படிக்கக்கூடாது. எங்கே வெட்டி ‘ஆம்’ என்பது என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: பட்டியலறை

மூவருக்கும் நன்றி. மூன்றாமவர் சொன்ன வழியை ஒத்திவைத்துவிட்டு, முதலிருவர் சொன்னபடி செய்து பார்த்தேன். ‘ஒரேநூல்’ உடலில் வருவதைத் தடுத்ததும், நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருந்த விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டன. பயிற்சி மதிப்பெண் குறைந்தது, சோதனை மதிப்பெண் ஏறியது, இரண்டுக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. தலைப்பு நெருங்கிய இணைகளில் எண்ணிப் பார்த்தபோது, இரண்டாவது விதியின் குறி உண்மையாகவே மாறிவிட்டது. தொகுதிமுரண் சேர்த்தபிறகு, பல தொகுதி நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது நின்றுவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஆசிரியர்களுக்கும் கடப்புப் பண்பை மீறமுடியாத விதியாக எழுதியிருந்தேன். ‘ச. முருகேசன்’, ‘எஸ். முருகேசன்’, ‘சு. முருகேசன்’ என்று மூன்று பெயர்கள். முதலாமவரும் மூன்றாமவரும் வேறு வேறு ஆட்கள் என்று எங்கள் நூலகருக்கே தெரியும். ஆனால் நடுவில் உள்ள ‘எஸ்.’ இருவருக்கும் பொருந்துவதால், மாதிரி மூவரையும் ஒருவராக்கி, அவர்களுடைய நூல்களையும் நெருங்கச் செய்துவிட்டது. கடப்புப் பண்பைத் தளர்த்தினால் இது சரியாகிறது. ஆனால் வேறிடத்தில் அ–ஆ ஒன்று, ஆ–இ ஒன்று, அ–இ வேறு என்ற முரணான விடைகள் வருகின்றன. அதோடு, எல்லா மும்மைகளுக்கும் (மூன்று மூன்று பதிவுகளுக்கும்) அந்த விதியை விரித்தால் நினைவகம் போதவில்லை.


பதில் 4
எழுதியவர்: நெடுங்கணக்கு

கடப்புப் பண்பின்மீது பழி போடாதீர்கள். ‘பொருந்தும்’ என்பதையும் ‘ஒருவரே’ என்பதையும் ஒரே பிரெடிகேட்டில் அடைத்ததுதான் இங்கே சிக்கல். ‘எஸ்.’ என்பது ‘ச.’ உடன் பொருந்தும், ‘சு.’ உடனும் பொருந்தும். பொருந்துதலுக்குக் கடப்புப் பண்பு கிடையாது. ‘ஒருவரே’ என்பதற்கு உண்டு. ஆகவே ‘எழுத்துப்பொருத்தம்’ என்பதைச் சான்றாக வைத்து, அதிலிருந்து ‘ஒரேஆசிரியர்’ என்பதற்குச் செல்லும் விதிக்கு மிதமான எடை மட்டும் கொடுங்கள். ‘ச.’வும் ‘சு.’வும் போலத் தமிழ் எழுத்திலேயே மோதுபவற்றுக்கு ‘எழுத்துமுரண்’ என்று வைத்து, அது உண்மையானால் ஒரே ஆசிரியர் அல்ல என்பதையும் மீறமுடியாத விதியாக எழுதுங்கள். கைத்தவறாக எழுதப்பட்ட அட்டைகள் உண்டு என்று நூலகர் சொன்னால், அதை மிகப் பெரிய எடையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு கடுமையான விதிகளும் சேர்ந்து, நடுவில் நிற்கும் ‘எஸ்.’ பதிவை ஒரு பக்கம் சாயச் செய்யும். எந்தப் பக்கம் என்பதைத் தலைப்பும் பதிப்பகமும் உடன் ஆசிரியர்களும் முடிவு செய்யட்டும். அவை எதுவும் சொல்லாவிட்டால், அடிப்படை எடை எதிர்மறையாக இருப்பதால் அந்தப் பதிவு இருவரோடும் சேராமல் தனியாக நிற்கும். அப்படித் தனித்து நிற்பவற்றைத் திரட்டி நூலகரிடம் கொடுத்துவிடுங்கள். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவருக்கு நொடியில் தெரிந்துவிடும்.

நினைவகத்துக்கு: கோராவின் 1,295 மேற்கோள்களுக்கே இணைகள் 8,37,865; மும்மைகளை வரிசையோடு விரித்தால் ஏறத்தாழ 217 கோடி வரும். யாராலும் அதை விரித்து வைத்துக்கொள்ள முடியாது. பிளாக்கிங்குக்கு வெளியே உள்ள இணைகளைப் பொய் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அவற்றை உடலில் கொண்ட மும்மைகள் எல்லாம் தாமாகவே நிறைவேறியவை ஆகிவிடும். அவற்றை விரிக்கவே வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இணைகள் பிளாக்குக்கு உள்ளேயும் மூன்றாவது வெளியேயும் இருந்தால், நீங்கள் ‘பொய்’ என்று அறிவித்தது கடப்புப் பண்போடு மோதி, உள்ளே உள்ள நல்ல இணை ஒன்றை உடைத்துவிடும். தலைப்பே குறையாக எழுதப்பட்ட அட்டைகளில் இது நிச்சயம் நடக்கும். எனவே பிளாக்கில் அ–ஆவும் ஆ–இயும் இருந்தால், அ–இயையும் உள்ளே சேர்த்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். இப்படிச் சேர்ப்பதை ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போனால், ‘வரலாறு’ என்ற ஒரு பொதுச்சொல் போதும், பாதி நூலகம் ஒரே பிளாக்காகிவிடும்.